நடுங்காத கை

ஃபிலோமினா மேடம் இறந்துவிட்டார். இன்று காலை, பாலக்கரையில் மகள் வீட்டில்.

அறுபதுகளில் திருச்சி கோர்ட்டில் ப்ரொபேஷன் ஆபீஸராக இருந்தவர். நான் அப்போது கோர்ட் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தண்டனைக்கு வரும் பெண்கள் அபூர்வம்... வந்தால் மாஜிஸ்திரேட் அவரிடம் அனுப்புவார். என்றைக்கோ குடித்தவரா, குடியை விட முடியாதவரா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மதுவிலக்குக் காலம். "தினமும் குடிப்பேன்" என்று ஒப்புக்கொண்டால் அதுவே இன்னொரு கேஸ். யார் வாயைத் திறப்பார்கள்?

அதனால் மேடம் கேட்கவே மாட்டார். ஃபிளாஸ்கில் இருந்து சுடச்சுடக் காபியை ஊற்றி, "நீங்களே ஆத்திக் குடிங்கம்மா" என்பார். டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே கை நடுங்குகிறதா என்று பார்ப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், காவிரிப் பாலத்தில் ஜட்கா மீது காரை மோதியவர். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில், ஸ்ரீரங்கத்தில் வீடு. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோர்ட் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர்காரரே, கார் நம்பரெல்லாம் கரெக்டா போட்டீங்க. குதிரை பிழைச்சிருச்சுன்னு ஒரு வரி போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மேடமும்.

பிறகு அந்தம்மா உள்ளே போய்க் காபி ஆற்றினார். நன்றாக உயரத் தூக்கி... ஒரு சொட்டு கீழே விழவில்லை.

"பழக்கம் இல்லை" என்று மேடம் கோர்ட்டில் சொன்னார். இருக்கிறது என்று சொல்லியிருந்தால் லைசென்ஸ் போயிருக்கும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். அபராதத்தோடு விட்டார்கள். கார் சாவி கைக்கு வந்தது.

அந்த மழைக்காலத்திலேயே, முக்கொம்பு போகும் கரைச் சாலையில் கார் ஆற்றுக்குள் இறங்கியது. அவர் மட்டும்தான் உள்ளே.

துக்கத்துக்கு மேடமும் வந்திருந்தார். அந்த வீட்டில் வேலை செய்த அம்மாள் அவரிடம் சொன்னார்: "உங்களைப் பார்க்க வர்றப்பவே இஞ்சி டிங்சர் குடிச்சிட்டுத்தாங்க வந்தாங்க. குடிச்சாத்தான் அவங்களுக்குக் கை நடுங்காம நிக்கும்." மருந்துக் கடையில் வயிற்றுவலிக்கு விற்றது அது, பெரும்பகுதி சாராயம்தான்.



அதன் பிறகு மேடம் யாருக்கும் காபி வைத்துப் பார்க்கவில்லை. வேறு வழியும் கிடைக்கவில்லை. வந்த பெண்களிடம் நேராகவே கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள்... அதையே கோர்ட்டில் சொன்னார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். உட்காரக்கூட விடாமல் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு அந்தம்மா வாயில ஏலக்காய் வாசம் வந்துச்சு சார். வெத்தலை போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன், வாடையை மறைக்கன்னு தோணலை."

"எவ்வளவு காலம் ஆச்சு மேடம்... விடுங்க."

"பக்கத்துலதான சார் உக்காந்திருந்தேன்."

நாளை மாலை அடக்கம். வந்துவிடுகிறேன், மேடம்.