ததேயுஸின் ரத்தத்தில் சொறி

கடலுக்குப் போனால் வாந்தி வரும் என்பதால்தான் கடியபட்டணம் ததேயுஸ் எலக்ட்ரீஷியன் ஆனார். இளவயதில் அண்ணன்மாரோடு மூன்று நாள் மீன்பிடிக்கப் போனார். மூன்று நாளும் மீனுக்குத் தீனி போட்டதுதான் மிச்சம். பிறகு மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் வயரிங் வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு, மின்சாரம் சம்பந்தப்பட்ட எதுவும் தன்னைக் கேட்காமல் நடக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். கோயில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவர்கள் அவர் வருவதைப் பார்த்தாலே ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

2012இல் மகள் பெபிஷாவுக்குத் தோவாளைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது கேட்டார்.

“நீ அங்க என்னதான் செய்யுத மக்ளே?”

“ரத்தத்துல நோயை எதுத்துச் சண்டை போடுத செல்லு உண்டும்லாப்பா, அதுக்குள்ள புது மரபணுவ ஏத்துவோம். புற்றுநோயை அது அடையாளம் கண்டு அடிக்கணும், அதுக்குத்தான். சும்மா போட்டா உள்ள போவாது. கரண்ட் குடுத்தா செல்லுக்கத் தோல்ல ஓட்டை விழும்.”

“எத்தன வோல்ட்?”

“ஐந்நூறு.”

ததேயுஸ் கையிலிருந்த சாளைமீன் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. “எர்த் உண்டா?”

“தெரியாதுப்பா.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், சட்டைப் பையில் டெஸ்டரோடு, ததேயுஸ் தோவாளைக்குக் கிளம்பிவிட்டார். ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவி டாக்டர் ஷைஜா பொறுமைசாலி. பெபிஷா வெட்கத்தில் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ததேயுஸ் ஒவ்வொரு பிளக்காகச் சோதித்தார். எர்த் சரியாகவே இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கருவி ஒரு சின்னப் பெட்டி. அதில் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குப்பி, குப்பியின் இருபக்கமும் அலுமினியத் தகடு, நடுவே இரண்டு சொட்டுத் தண்ணீர். ஷைஜா பொத்தானை அமுக்கினார். ‘பீப்’ என்றது.

“இவ்வளவுதானா? எங்க வீட்டு மிக்ஸி இதவிட நல்லாச் சத்தம் போடுமே.”

“அவ்வளவுதான் அங்கிள். கண்ணிமைக்கதுக்கு முன்ன முடிஞ்சிரும். ஓட்டை விழும், மரபணு உள்ள போவும், பொறவு ஓட்டை தானே அடைஞ்சிரும்.”

அன்றைக்கு ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாமே என்று ததேயுஸ் சட்டைக் கையை மடித்தார். மூன்று பக்கப் படிவத்தைக் கொடுத்து, படித்துப் பார்க்கும்படி ஷைஜா இரண்டு தடவை சொன்னார். அவர் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பெபிஷாவே அவரைக் கூட்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். இருட்டுக்குள் பச்சைப் பச்சையாகப் பொட்டுகள். ஒரு சீரியல் பல்பிலும் அவர் இப்படியொரு பச்சையைப் பார்த்ததில்லை.

“இது ஆருக்கது?”

“ஒங்களுக்கதுதான்ப்பா. ஒங்க செல்லு.”

“எனக்குப் பச்சை எங்கேருந்து வந்துது?”

“மரபணு உள்ள போச்சா இல்லியான்னு பாக்கதுக்கு இப்பிடி ஒண்ண ஏத்துவோம். உள்ள போனா பச்சையா மின்னும். அது ஜெல்லிமீனுக்க மரபணு.”

ஜெல்லிமீனுக்குக் கடற்கரையில் சொறி என்று பேர். வலையோடு வந்தால் கையெல்லாம் எரிந்து இரண்டு நாள் அரிக்கும். அண்ணன்மார் சொறிந்ததை ததேயுஸ் பார்த்திருக்கிறார்.

“எனக்க ரத்தத்துல சொறியா?”

அந்த நிமிஷமே கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. மகள் ஏதோ சொல்ல வருவதற்குள் எழுந்து நடந்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் அவர் சொறிவதைப் பார்த்து வேறு இருக்கை தேடிப் போனாள். வீட்டில் மனைவி வேளாங்கண்ணி விஷயத்தைக் கேட்டுவிட்டு முதுகு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். பிறகு சத்தமில்லாமல் அவர் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்துவைத்தாள்.

சாயங்காலம் பெபிஷா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “ஒங்ககிட்டயிருந்து எடுத்த ரத்தம் குப்பியிலல்லா இருக்கு! அதுல ஒரு செல்லுகூடத் திரும்பி ஒங்க ஒடம்புக்குள்ள போவல்லப்பா.”

அரிப்பு சட்டென்று நின்றது. ததேயுஸ் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடித்தார். பிறகு கேட்டார்: “அப்போ அதுவ இப்ப எங்க?”

“பாதி செல்லு கரண்டு குடுத்தப்பவே செத்துப்போச்சு. மிச்சத்தப் பாத்து முடிச்சு, பிளீச்சிங் ஊத்திக் கழிச்சிட்டோம்.”

“எத்தன செத்துது?”

“ஒரு அம்பது லட்சம் இருக்கும்.”

ததேயுஸ் தம்ளரைக் கீழே வைத்தார். “இருபத்திரண்டு வருஷம் கரண்டு வேலை பாத்தேன். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழல்ல. நீ ஒரே நாளுல அம்பது லட்சம்.”

கல்லறைத் திருநாள் அடுத்த வாரம். அன்று இறந்தவர்களுக்காக வைக்கும் பூசையில் தன் செல்களையும் சேர்க்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, “முடி வெட்டினாலும் பூசை கேப்பியா ததேயுஸ்?” என்றார்.

“முடி பச்சையா மின்னாதே சாமி.”

சாமியார் சிரித்துவிட்டார், ஆனால் சம்மதிக்கவில்லை. ததேயுஸ் விடுகிற ஆளா? இறந்தோர் பெயர்ச் சீட்டுப் போடும் பெட்டியில் ‘ததேயுஸ், கடியபட்டணம், பாதி’ என்று எழுதிப் போட்டார். திருநாளன்று உபதேசியார் சீட்டுகளை வரிசையாக வாசித்தார். “ததேயுஸ், கடியபட்டணம்…” என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி “ஐயோ எனக்க மாதாவே!” என்று அலறினாள். கோயில் முழுக்கத் திரும்பி, மூன்றாவது பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு முழங்காலில் நின்றவரைப் பார்த்தது. உபதேசியார் மட்டும் சீட்டை விட்டு நிமிராமல், “பாதி” என்று வாசித்து முடித்தார்.

வேளாங்கண்ணி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. செய்தி அரைகுறையாகப் போய்ச் சேர்ந்து, மஸ்கட்டிலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் துக்கம் விசாரிக்க போன் செய்தார். ததேயுஸே எடுத்துப் பதில் சொன்னார்.

டிசம்பரில் பெபிஷா தயங்கித் தயங்கி மறுபடியும் ரத்தம் கேட்டாள். ததேயுஸ் இந்தத் தடவை மூன்று பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“வோல்ட்ட கொஞ்சம் கொறச்சுப் பாத்தா என்னட்டி?”

“அதத்தாம்ப்பா இந்தத் தடவ பாக்கப்போறோம்.”

“ஆங்!” என்று அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காதில் விழாதவள்போல மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயங்காலம் மகள் வாசலிலேயே நின்று, நூற்றுக்கு எழுபது பிழைத்தது என்று சொன்னபோது, ததேயுஸ் அதைச் சொல்ல ஜங்ஷனுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.