ஓ.டி. பப்ஸ்

ஏழாம் வகுப்புக்குச் செரிமானம் நடத்த எனக்குப் படம் தேவையில்லை. கரும்பலகைக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றாலே போதும், மிஞ்சிய கொழுப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பது கடைசி பெஞ்சு வரை விளங்கிவிடும். ஆனாலும் அந்த வருடம் மெனக்கெட்டேன். சிப்ஸைத் தாளில் தேய்த்து எண்ணெய்க் கறையைக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கி, "சிறுகுடல்ல பித்தநீர் செய்யறது இந்த வேலைதான்" என்றேன். ஒரு வாரம் சாப்பிட்டதை உள்ளபடி எழுதி வரச் சொன்னேன். "என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க" என்று வாக்கும் கொடுத்தேன்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் இவ்வளவு கீரையும் ராகிக் களியும் முளைகட்டிய பயறும் தின்கிறார்கள் என்பது அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் பெஞ்சில் ஒருத்தி எழுதியதை வகுப்பே பார்த்து எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட யார் வீட்டிலும் கறி இல்லை.

உண்மையை எழுதியவள் ஒருத்திதான். எல்லோரும் 'குண்டு' என்று கூப்பிடும் பெண். "திங்கள்: அப்பா ஓவர்டைம் பார்த்தார். கம்பெனியில் கொடுத்த பப்ஸைச் சாப்பிடாமல் எனக்குக் கொண்டு வந்தார். செவ்வாய்: ஓ.டி. பப்ஸ். புதன்: ஓ.டி. இல்லை. பசி இல்லை, ஆனால் வாசலையே பார்த்தேன்."

நல்ல வரி கிடைத்தால் யாரிடமாவது காட்டியே தீர வேண்டும் என்பது என் வியாதி. பத்து வருடமாக இடைவேளையில் என் பஜ்ஜியில் பாதியைப் பிய்த்துக்கொள்ளும் பி.டி. மாஸ்டரிடம் சிரித்துக்கொண்டே காட்டினேன். "வெளிய சொல்லிடாதீங்க."

"சே, என்னா சார் நீங்க."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மைக் அவர் கைக்குப் போனது. "புள்ளைங்க ஏன் ரெண்டு ரவுண்டுக்கே மூச்சு வாங்குது? ஒரு அப்பா டெய்லி ஓ.டி. பப்ஸ் கொண்டாந்து ஊட்டறாரு. பேரு சொல்ல மாட்டேன்."

பேர் எதற்கு? வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிதான். "அண்ணா, பப்ஸ காயிதத்துல சுத்தி பைல வெக்கறது நீதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்குவதற்குள் தேனிப் பக்கத்துக்காரரான அவள் அப்பா எழுந்துவிட்டார்.

"ஆமா சார், நாந்தேன். பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன். பிள்ளைக்கு வேறென்னத்தக் கொண்டாருவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

டீக்கடையில் மாஸ்டரைப் பிடித்து, இப்படிக் காலை வாரிவிட்டீர்களே என்றேன். "பேரு சொன்னனா சார்? நீங்கதானே இளிச்சுக்கிட்டே காட்டுனீங்க?" என்றார். கோபத்தில் பஜ்ஜியை முழுதாக நானே தின்றேன். எனக்குத் தெரிந்த தண்டனை அவ்வளவுதான்.

திங்களன்று அவளை நிறுத்தி, "மாஸ்டர்கிட்ட மட்டுந்தாம்மா காட்டுனேன்" என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான மன்னிப்பு என்று எனக்கே கேட்டது.

"பரவால்ல சார். அப்பா இப்ப அங்கயே சாப்ட்டுட்டு வந்துர்றாரு."

அடுத்த வாரக் குறிப்பை அவள்தான் முதலில் மேசையில் வைத்தாள். திங்கள், ராகிக் களி. செவ்வாய், முளைகட்டிய பயறு. ஞாயிற்றுக்கிழமைக்கும் கீரைதான். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.