மிதவை தள்ளிப்போன பக்கம்

அவளுக்கு எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. பறவைச் சரணாலய ஏரியின் படகுத்துறையில் சோதனை வேலை பார்க்கிறவளுக்கு அது நல்ல குணம்தானே என்பீர்கள். மீன்பிடிக்க வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். 'ஏன் மேடம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மோட்டார் கூடாது, தூண்டிலில் ஈயக் குண்டு கூடாது, பொழுது சாயுமுன் படகோடு வெளியேற வேண்டும் என்று பலகையில் இருப்பதை மற்றக் காவலர்கள் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். இவளோ ஒவ்வொரு விதிக்கும் ஏன் ஏன் என்று அதிகாரியின் உயிரை வாங்கித் தெரிந்துகொண்டு, அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்ப்பாள்.

அதிலும் பாசி என்றால் அவளிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. அந்த ஏரிப் பாசி ஓர் இழை வேறு குளத்துக்குப் போனால் போதும், அந்தக் குளத்தையே மூடிவிடும். அதனால் வெளியே போகிற ஒவ்வொரு படகின் அடியிலும் நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடியை விட்டுப் பார்ப்பாள். ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். சொந்த அக்கா புருஷனுக்கும் அதே கதிதான்.

அந்த அக்கா புருஷன்தான் இப்போது வசமாக மாட்டிக்கொண்டார். ஏரியின் வடபாதி பறவைகளுக்கு. அங்கே படகு நுழையக் கூடாது என்பதற்காக மஞ்சள் மிதவைகளை வரிசையாக விட்டு, அடியில் கல் கட்டியிருக்கிறார்கள். கடைசி மிதவைக்கு உள்பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் என்று ரோந்துக்காரர் அவரைப் பிடித்துவிட்டார். ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியவர். இதுவும் உறுதியானால் மீன்பிடி உரிமம் போய்விடும். தூண்டிலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

"நான் எப்பவும் நிக்கிற இடத்துலதான் நின்னேன். மிதவைதான் என்னைத் தாண்டிப் போயிருக்கு" என்றார் அவர். துறையே சிரித்தது. மாடி வீட்டில் இருக்கிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தங்கை அங்கேயே வேலை பார்த்தும் ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கீழே தங்கை வீட்டிலிருந்து வாங்கிப்போன பாத்திரங்களையெல்லாம் கழுவி மாடிப்படியில் அடுக்கிவிட்டுப் போனாள். பேச்சு வார்த்தை நின்றுவிட்டது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

பரிந்து பேச அவளுக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முன்னால் உண்மை தெரிய வேண்டாமா? விசாரணை திங்கட்கிழமை. அதுவரை அவளுக்கு ஒரே மண்டைக் குடைச்சல். துறைக்குப் பக்கத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வெள்ளைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அவற்றை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் மிதவைகள் அத்தனையும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். போய்ப் பார்த்தாள். எல்லாம் நின்றன, கடைசி மிதவை மட்டும் நன்றாக விலகியிருந்தது. அதுவும் எந்தப் பக்கம்? மீன்பிடிக்கிறவர்கள் பக்கம்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. திருட்டுத்தனம் பண்ணுகிறவன் எல்லையை உள்ளே தள்ளி வைப்பான். தன் இடத்தைத் தானே குறைத்துக்கொண்டு, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானா? அப்படியென்றால் இது மனுஷன் செய்த வேலையே இல்லை.

மறுநாள் காலையில் ரோந்துக்காரரை நச்சரித்து அவருடைய துடுப்புப் படகில் ஏறிக்கொண்டாள். மிதவை தெரிந்ததும், கிட்டே போகாமல் தள்ளியே நிறுத்தச் சொல்லித் தொலைநோக்கியில் பார்த்தாள். மிதவையை ஒட்டிப் பச்சையாக ஒரு குவியல். அதன் மேல் ஒரு முக்குளிப்பான், அந்தக் குட்டி வாத்து மாதிரிப் பறவை, அடை காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கனத்தையும் சேர்த்துக் காற்று தள்ள, அடியில் கட்டிய கல் சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரோந்துக்காரர் வாயைப் பிளந்தார். அவருக்கு அதுவே போதும். இவளுக்குப் போதவில்லை. குவியலின் அடியில் இருந்த பாசி, துணி பிழிந்தது போல முறுக்கி முறுக்கிக் கிடந்தது. பறவைக்கு முறுக்கத் தெரியுமா?

துறைக்குத் திரும்பி ஒவ்வொருவராகக் கேட்டாள். ஆளுக்கு ஆள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் பல் விழுந்த கிழவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"நீங்கதான மேடம் ஒரு இழை இருந்தாலும் திருப்பி அனுப்புறீங்க? வர்ற வழியில அந்த மிதவைகிட்ட நின்னு துடுப்பை வழிச்சு, பாசியை முறுக்கி அது மேலயே போட்டுட்டு வருவோம். எல்லாரும் அப்படித்தான்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. இவள் கண்டிப்புக்குப் பயந்து அவர்கள் பாசியைக் குவித்தார்கள். யாரோ நமக்கு அஸ்திவாரம் போட்டுத் தந்திருக்கிறார்கள் என்று பறவை அதன் மேலேயே கூடு கட்டிக்கொண்டது. மிதவை நகர்ந்தது, அக்கா புருஷன் மாமா மாட்டினார். சுற்றிச் சுற்றி வந்தால் நிற்கிறது அவளுடைய கைப்பிடிக் கண்ணாடி. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

திங்கட்கிழமை விசாரணையில் எதையும் மறைக்காமல் சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து. அதிகாரி தாமே கம்பங்களுக்குப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, குற்றமில்லை என்று தீர்த்தார். மாமா கும்பிடு போட்டு எழுந்திருக்கையில் அதிகாரி இன்னொன்றும் சொன்னார். முட்டையுள்ள கூட்டை அசைக்கக் கூடாது, அதன் பக்கம் படகும் போகக் கூடாது. ஆகவே குஞ்சுகள் நீரில் இறங்கும்வரை மிதவை இப்போது இருக்கிற இடம்தான் எல்லை. உரிமம் பிழைத்தது, மாமாவின் ராசியான இடம் போனது.

அன்று மாலை மாடிப்படியில் பாத்திரம் ஏதும் இல்லை. அக்கா இறங்கி வந்து, நல்லது பண்ணினாயா கெட்டது பண்ணினாயா என்றே தெரியவில்லையடி என்று திட்டிக்கொண்டே அடுக்களையில் உட்கார்ந்துகொண்டாள். தங்கை துறையில் பாசி போட ஒரு பெரிய தொட்டி வைத்தாள். மாமா தென்கரையோரம் ஒண்டிக்கொண்டு, கிடைத்த பொடிமீனை அளந்து பார்த்து, அளவு போதாமல் திரும்ப விட்டுக்கொண்டு நாளை ஓட்டினார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். படகைக் கரையேற்றிக்கொண்டே அவர் சொன்னார்.

"குஞ்சு தண்ணியில இறங்கிடுச்சு. தூரத்துல இருந்துதான் பார்த்தேன்."

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்கே மிதவையைப் பழைய இடத்துக்கு இழுக்கச் சொல்றேன் மாமா. உங்க இடம் உங்களுக்கு."

அவர் துடுப்பில் இருந்த பாசியை வழித்துத் தொட்டியில் போட்டார்.

"ரெண்டுதான் இறங்கியிருக்கு. ஒண்ணு இன்னும் அம்மா முதுகுலயே உக்காந்திருக்கு. அதுவும் இறங்கட்டும்."

அவள் கண்ணாடியைப் படகின் அடியில் விட்டுப் பார்த்தாள். ஓர் இழைகூட இல்லை. கூடையை எட்டிப் பார்த்தாள். அதிலும் ஒன்றுமில்லை. உன் அக்கா இன்றைக்கும் திட்டப்போகிறாள் என்று சொல்லிவிட்டு, அவர் வெறுங்கூடையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.