சலப்பைக்குள் விட்ட தடுப்பூசி

ஆண்கள் வார்டில் வேலை பார்க்கிற தாதிக்கு முதலில் போகவேண்டியது வெட்கம். மருந்தறிவு பிறகு வந்தால் போதும். சலக் குழாய் போட்டுப் பழகிய தோழிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், சலப்பையில், அதாவது சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோய்க்கு எங்கள் வார்டில் ஒரு புது வைத்தியம் தொடங்கினோம். அப்போது நான் பட்டதும் கேட்டதும் இவை.

முதல் விளக்கம்

குருநகர் சூசைப்பிள்ளை அண்ணைக்குச் சலத்தோடு இரத்தம் போனது. பெரிய டொக்டர் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த கட்டிகளைச் சுரண்டி எடுத்தார். சில மாதத்தில் திரும்பவும் முளைத்தது. திரும்பவும் சுரண்டினார், திரும்பவும் முளைத்தது. இனிச் சலப்பையையே எடுத்துவிட்டு, சலம் சேர வயிற்றுக்கு வெளியே ஒரு பையைப் பொருத்துவதுதான் வழி என்ற நிலை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வளைக்கிற மனிதர் அவர். "உந்தப் பையோடை நான் என்னெண்டு கடலிலை இறங்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டொக்டர் கட்டில் விளிம்பில் இருந்து மெல்லக் கதைத்தார். "அண்ணை, எங்கடை இரத்தத்திலை காவல்காரர் இருக்கினம். வெளியிலை இருந்து கிருமி வந்தா அடிச்சுக் கலைப்பினம். ஆனா புற்று உங்கடை சொந்த உடம்பிலை முளைச்சது. வீட்டு ஆள்தானேயெண்டு பேசாமல் விட்டிடுவினம். கசத்துக்கு, அதுதான் காசநோய்க்கு, போடுற தடுப்பூசியிலை பலம் குறைஞ்ச ஒரு கிருமி இருக்கு. அதைச் சலப்பைக்குள்ளை விட்டா காவல்காரர் எல்லாரும் ஓடி வருவினம். வந்த இடத்திலை புற்றையும் கண்டு அடிப்பினம்."

சூசைப்பிள்ளை அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப, கள்ளனைப் பிடிக்க இன்னொரு கள்ளனை வீட்டுக்குள்ளை விடுறம் எண்டு சொல்லுங்கோ."

மண்ணெண்ணெய்

அந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய பிறிட்ஜ் ஒன்று. மண்ணெண்ணெயோ மருந்தைவிட அரிது. ஒரு காலை வந்து பார்த்தால் திரி அணைகிற நிலையில் இருந்தது. கடைகடையாக ஆளனுப்பினேன், வெறுங்கையோடு வந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிறதெல்லாம் பழுது என்று தலையில் கைவைத்து இருந்தபோது, சூசைப்பிள்ளை அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். விஷயம் கேட்டவர் கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வெயிலேற முதல் ஒரு போத்தலோடு வந்து நின்றார். வீட்டு விளக்குக்கு வைத்திருந்தது.

"அப்ப வீட்டிலை என்ன செய்வியள் அக்கா?" என்றேன்.

"நாங்கள் இருட்டுக்குப் பழகியிட்டம் மிஸி. உந்தக் கிருமிக்குத்தானே சூடு பழக்கமில்லை."

பங்கருக்குள்

குழாயால் மருந்தை விட்டால் இரண்டு மணித்தியாலம் சலம் போகாமல் அடக்க வேண்டும். உள்ளே எல்லா இடமும் படும்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரள வேண்டும். கேட்க இலகு. ஒருநாள் மருந்தை விட்டுக் குழாயை எடுத்துக் கை கழுவுகிறேன், குண்டு போட வருகிற பொம்பரின் சத்தம். வார்டே எழும்பி ஓடியது. சூசைப்பிள்ளை அண்ணையை நான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினேன்.

பயத்தில் அடக்க முடியாமல் போவது யாருக்கும் நடக்கிறதுதான். அடுத்த மருந்து எப்போது வருமோ என்ற நினைப்பில் எனக்குக் குண்டைவிட அதுதான் பயம். அவர் முழங்காலை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். பொம்பர் எங்கேயோ தூரத்தில் போட்டுவிட்டுப் போனது. நாங்கள் மேலே ஏறி வந்தோம். நான் கேட்க வாயெடுக்க முதல் அவரே சொன்னார்: "அவன் வெளியிலை போட்டிட்டுப் போறான். நீங்கள் உள்ளுக்கை போட்டதிலை நான் ஒரு சொட்டும் விடேல்லை, மிஸி."

காய்ச்சல்

அன்று பின்னேரம் அவருக்கு இலேசான காய்ச்சலும் குளிரும். காய்ச்சல் கூடினால் அந்தக் கிருமியே ஆளுக்கு எதிரியாகிவிடும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். டொக்டர் வந்து தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "காவல்காரர் எழும்பியிட்டினம்" என்றார். விடிய முதல் காய்ச்சல் விட்டுவிட்டது. பிலோமினா அக்காவுக்குத்தான் ஆறவில்லை. "காய்ச்சலுக்குச் சிரிக்கிற டொக்டரை நான் இப்பதான் காணுறன்."

பாரை மீன்

கசத்து ஊசி போடுகிறார்கள் என்ற கதை ஊருக்குள் போய், சூசைப்பிள்ளைக்குக் கசம் என்று மாறிவிட்டது. சந்தையில் பிலோமினா அக்கா விற்கிற மீனை ஒருவரும் தொடவில்லை. அவர் கண் கலங்கச் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. வேலை முடிந்ததும் வெள்ளை உடுப்போடேயே சந்தைக்குப் போனேன். அவருக்கு முன்னால் குந்தியிருந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, நல்ல பாரை ஒன்று வாங்கினேன். "அண்ணைக்குக் கசமில்லை, நான்தானே மருந்து விடுறன்!" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி குனிந்து திருக்கைக்கு விலை கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

பிலோமினா அக்கா என் காதுக்குள் சொன்னார்: "நாளைக்கும் உந்த உடுப்போடையே வாங்கோ மிஸி."

கொக்குவில் ஐயா

எல்லாருக்கும் பலித்தது என்று சொல்லமாட்டேன். கொக்குவிலில் இருந்து வந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவுக்கு மருந்து கேட்கவில்லை. சலப்பையை எடுக்கவேண்டி வந்தது. ஆள் தப்பிவிட்டார். வேட்டிக்குள் பையோடு கிளினிக்குக்கு வந்து சிரித்தபடி சொன்னார்: "என்ரை காவல்காரரும் அரசாங்க உத்தியோகத்தர் போலை கிடக்கு. எழுப்பியும் எழும்பேல்லை."

மேசையில்

சூசைப்பிள்ளை அண்ணையைத் திரும்பக் குழாய் விட்டுப் பார்க்கிற நாள் வந்தது. ஜெனரேற்றரை இயக்கி, முதுகில் விறைப்பூசி போட்டு, கால் இரண்டையும் தூக்கிக் கட்டினோம். டொக்டர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு விலகி நின்று, "மிஸி, நீங்கள் பாருங்கோ" என்றார். குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். போன முறை பூக்கோவா என்கிற காலிபிளவர் மாதிரிக் கட்டிகள் நின்ற இடமெல்லாம் மழமழவென்று கிடந்தது. சோதனைக்கு அனுப்பிய துண்டும் சுத்தம் என்றுதான் பிறகு வந்தது. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு முறையும் அப்படியே. ஆனால் அதற்கெல்லாம் காத்திருக்காமல் அந்த அறையில் எல்லாரும் சிரித்தோம். எனக்குக் கண்ணீரும் வந்தது.

"அண்ணை, சுரண்டுறதுக்கு ஒண்டுமில்லை!" என்று டொக்டர் கத்தினார்.

மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணையின் குரல் வந்தது: "ஒண்டுமில்லாட்டி என்ரை காலைக் கீழை விடுங்கோவன் மிஸி. எவ்வளவு நேரம் உப்பிடித் தூக்கி வைச்சிருக்கிறது?"

சுருக்கமாகச் சொன்னால், சண்டை பிடித்தது நோயாளியின் உடம்பு, ஏச்சு வாங்கினது தாதிமார், கும்பிடு வாங்கினது பெரிய டொக்டர்.