ஹைதர் தொட மறுத்த சாஸ்

குறொன்லாண்ட் பகுதிக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஹைதரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். காலையில் சாப்பாட்டு மேசையிலேயே ஹைதருக்கு இருதயம் நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எங்களோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கோபக்காரர். துருக்கியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த, அலெவி என்ற சிறுபான்மை மதப்பிரிவுக்காரர். சாஸ் என்ற நெடுங்கழுத்துத் தந்தி வாத்தியத்தை வாசித்துப் பாடித்தான் அவர்கள் இறைவனைக் கும்பிடுவார்கள்.

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்று என் மனைவி கேட்டாள்: “அவரின்ரை இடக்கை விரலுகளைப் பாத்தனீங்களோ? ஆரோ முறிச்ச மாதிரிக் கிடக்கு.”

“ஓம், அடிச்சுத்தான் முறிச்சவங்கள்” என்றேன்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடி ஆடிக் கும்பிடுவது பாவம் என்று சொல்லி, துருக்கியில் அவர் ஊரில் ஒரு கும்பல் அவர்கள் வீட்டைப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தியது. தம்பி உள்ளே எரிந்து செத்தான். வெளியே ஓடிவந்த ஹைதரின் விரல்களை இரும்புக் கம்பியால் நொறுக்கினார்கள். வீட்டை அடையாளம் காட்டியவன் அவருடைய சித்தப்பா மகன். அந்த விரல்களாலேயே ஹைதர் வாசித்துவந்தார்.

திராமன் நகரில் நடந்த வழிபாட்டுக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். தொடங்குமுன், யாருக்காவது யார்மேலாவது மனக்குறை உண்டா என்று நடத்துகிற பெரியவர் கேட்பார். இருந்தால் அதைத் தீர்த்த பிறகுதான் சாஸைத் தொடலாம். அன்று புதிதாக வந்திருந்த ஒருவன் எழுந்து, “ஹைதருக்கு என்மேல் உண்டு” என்றான். அவன்தான் அந்தச் சித்தப்பா மகன். ஹைதர் பாய்ந்து அவன் முகத்தில் குத்தினார். பல் கழன்று கம்பளத்தில் விழுந்தது. அவன் கையைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற நான் தடுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சுற்றிவளைப்பில் சாக்கு மூடிய தலையை ஆட்டி என் அண்ணனை இராணுவத்திடம் காட்டிக்கொடுத்தவன் இன்று இதே நாட்டில், பேர்கன் நகரில் சுகமாக இருக்கிறான். இன்னும் நாலு அடி விழட்டும் என்றுதான் எனக்கிருந்தது.

“சமாதானமாகு, அல்லது சாஸைக் கீழே வை” என்றார் பெரியவர். ஹைதர் அதை முத்தமிட்டுச் சுவரோடு சாத்திவிட்டு வெளியேறினார். “மனதில் கொலையை வைத்துக்கொண்டு இதை வாசித்தால் எரித்தவனும் நானும் ஒன்று” என்று காரில் சொன்னார். சாகும்வரை அதைத் தொடவில்லை.

அடக்கத்தன்றும் பெரியவர் கேட்டார், இவர்மேல் யாருக்காவது குறை உண்டா என்று. எல்லோரும் இல்லை என்றார்கள். சித்தப்பா மகன் மட்டும் பெட்டியருகே போய், “எனக்கு இல்லை. உனக்கு?” என்று கேட்டான். பதில் சொல்லு என்று மூடியில் அறைந்தான். கை வெடித்து இரத்தம் வரும்வரை அறைந்தான். நாலு பேர் சேர்ந்து இழுத்துப்போனார்கள்.

மனம் ஆறாமல் ஆறியதாக நடிக்க மறுத்த ஹைதரின் பிடிவாதம் என்னோடு இருக்கும். ஆனால் என் பெட்டியில் யாரும் வந்து அறைய வேண்டாம். சனிக்கிழமை பேர்கனுக்கு ரயில் எடுக்கிறேன். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் கதவைத் திறந்தால் கதைப்பேனோ அடிப்பேனோ, எனக்கே தெரியாது.