வலப்பக்கத்து பிரேக்

ஸ்கூட்டரைக் கழற்றிப் பூட்ட எங்கள் மாமாவை விட்டால் மருதமுனையில் ஆளில்லை என்று உம்மா சொல்லுவா. தம்பி என்றால் உம்மாவுக்கு அப்படி. அந்த மாமாதான் ஒரு பிரேக் லீவரை மாற்றுவதற்குக் கிழமைக் கணக்கில் இழுத்தடித்தார்.

சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. கடல் வந்தபோது தங்கச்சி வாப்பாவின் கையிலிருந்து பறிபோனாள். வாப்பாவும் மண்டை உடைந்து அம்பாறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலைக்கட்டோடு திரும்பி வந்த அன்றே பிள்ளையைத் தேடப் போகவேண்டும் என்று நின்றார். சேற்றில் புதைந்து கிடந்த எங்கள் ஸ்கூட்டரை மாமா இழுத்து வந்து கழுவி, எப்படியோ எஞ்சினை இயங்க வைத்துவிட்டார். வலப்பக்கத்து பிரேக் லீவர் மட்டும் அடியோடு முறிந்திருந்தது.

"முன் பிரேக் இல்லாம உங்கள அனுப்ப ஏலா, மச்சான். நான் எடுத்துத் தாறன்" என்றார் மாமா.

முதலில் அவர் கொண்டு வந்தது இடப்பக்கத்து லீவர். அடுத்ததில் ஆணி நுழையவில்லை. பிறகு கல்முனையில் கடையே இல்லை, அக்கரைப்பற்றுக்குச் சொல்லி விட்டிருக்கிறேன் என்றார். விரலால் தடவியே சாமானின் பெயரைச் சொல்லக்கூடிய மனிதருக்கு இடது எது வலது எது என்று தெரியாமல் போய்விட்டது. உம்மாவுக்கே தம்பிமேல் வெறுத்துவிட்டது. வாப்பா முகாம் வாசலில் இருந்துகொண்டு, பச்சைச் சட்டை போட்ட பிள்ளையைக் கண்டீர்களா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்பார். நான் மாமாவோடு கதைப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்த வாப்பா நேரே போய் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

"பின் பிரேக் போதும். புள்ள என்னைப் பாத்துக்கிட்டு இரிப்பாள்."

மாமா ஓடி வந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். சாரன் மடியை அவிழ்த்து, கடதாசியில் சுற்றிய புது லீவர் ஒன்றை எடுத்தார். சரியான லீவர். எத்தனை நாள் மடியில் கிடந்ததோ, கடதாசி வேர்வையில் நைந்திருந்தது.

அதை ஏன் ஒளித்து வைத்தார் என்பதை, யுத்தமும் முடிந்து, தேடி அலுத்த வாப்பாவும் மௌத்தாகிக் கண்மூடிய பிறகுதான் மாமா உம்மாவிடம் சொல்லி அழுதார். கடல் வந்த அன்று பின்னேரம் மையவாடியில் குழி வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். மையித்துகளை வைத்திருக்கக் கூடாதென்று அவசர அவசரமாக அடக்கினார்கள். பச்சைச் சட்டையோடு வந்த தங்கச்சியைக் கையில் வாங்கி, பலரோடு ஒரே குழியில் இறக்கியது அவர்தான். வாப்பா உயிரோடு இருக்கிறார் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பெற்றவருக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் அடக்கிவிட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பிழையான லீவரோடு வந்த ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தாராம்.

அன்று காலையும் அவர் சொல்லவில்லை. கேபிளை மாட்டி ஆணியை இறுக்கினார். லீவரைத் திரும்பத் திரும்ப அமர்த்திப் பார்த்தார். வாப்பா ஏறி உட்கார்ந்த பிறகும் ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெல்லப் போங்க, மச்சான். அவசரமில்ல."

தங்கச்சி எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் எங்களைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள், இந்த மனிதர் அவசரமில்லை என்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.