பேராசிரியைக்கு ஒரு பொன்னாடை

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் யோகம்மா அக்காவோடு ஒரு டெனிஷ்காரர் ஆங்கிலத்தில் கதைத்துவிட்டால், அன்றைக்கு அந்த மனிதருக்கு நேரம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவுகிற பழக்கம் இந்த நாட்டவருக்கு உண்டு. நானெல்லாம் பேசாமல் இருந்துவிடுவேன். அக்கா விடமாட்டார். முப்பது வருடமாக உங்கள் தாய்தகப்பனைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிறவள் நான், என்னோடு டெனிஷில் பேசுங்கள் என்று டெனிஷிலேயே சொல்வார். நாங்கள் இருக்கும் கோப்பன்ஹேகன் புறநகரான இஷொய்யில் முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்கு வேலை. நகரசபையோடு எதையாவது கதைக்க வேண்டுமென்றால் எங்கள் கட்டடத்துத் தமிழர் அத்தனை பேரும் அவர் கதவைத்தான் தட்டுவோம். அவருக்கென்று ஒரு பெருமை இருந்ததென்றால் அது அந்த மொழிதான்.

அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகன் கஜதீபன். யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பன்ஹேகனுக்கு முதுகலை படிக்க வந்தான். அக்காவின் பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டதால், காலியாகக் கிடந்த அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். நல்ல பெடியன், கெட்டிக்காரன். ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் நிற்கமாட்டான்.

முதல் பயணம் பேர்லினுக்கு, வகுப்பு நண்பர்களோடு பஸ்ஸில். முதுகுப்பையோடு வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து அக்கா கேட்டார்.

"எங்கை தம்பி வெளிக்கிட்டிட்டாய்?"

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். படிக்கப்போன பெடியன் ஊர் சுத்துறான் என்ற கதை அன்றைக்கே தொலைபேசியில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிடும். தாய் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்து அனுப்பிய பிள்ளை. அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"யூனிவேர்சிற்றியாலை கூட்டிக்கொண்டு போயினம், பெரியம்மா. படிப்புக்குத்தான். புறொபெசரும் வாறா."

பிறகு பிராக், புடாபெஸ்ட், ரோம் என்று பயணங்கள் நீண்டன. ஒவ்வொன்றுக்கும் பேராசிரியை பிர்கிட்டும் கூடவே போய்வந்தார், பாவம், தனக்கே தெரியாமல்.

அக்கா அதை முழுதாக நம்பினார். படிப்பிக்கிற ஆள் தன் சனி ஞாயிறையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறாள் என்றால் அவள் தெய்வமல்லவா? அந்தத் தெய்வத்துக்கும் சேர்த்துச் சமைக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலை வேலையை இன்னொருத்தியோடு மாற்றிக்கொண்டு, பயணம் இருக்கிற கிழமைகளில் உள்ளே கறி வைத்து றோல்ஸ் சுற்றிப் பொரித்து, கழுவி வைத்த ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் அடுக்கிக் கொடுப்பார்.

"புறொபெசருக்கு முதல் குடு. உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்."

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நண்பர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். பஸ் நாட்டு எல்லையைத் தாண்டுவதற்குள்ளோ, விமானம் மேலே ஏறுவதற்குள்ளோ பெட்டி காலியாகிவிடும். ஒரு போலந்துப் பெண் விரலில் ஒட்டிய தூளைக்கூட விடமாட்டாளாம். படம் எடுக்கும்போது மட்டும் கஜதீபன் பெட்டியைக் காலால் தள்ளி ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவான். பிராக் பாலத்தின் பின்னணியில் ஸ்ட்ரோபெரி படம் போட்ட பழைய ஐஸ்கிறீம் பெட்டி எதற்கு?

இத்தனைக்கும் அக்காவும் அவர் கணவர் பாலேந்திரா அண்ணையும் பார்த்த ஐரோப்பா என்ன? பாரிஸில் கலியாண மண்டபமும் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவும். ஜெர்மனியில் நெடுஞ்சாலைக் கழிப்பறைகள். லண்டனில் ஒரு செத்தவீடு. சனி ஞாயிறில் நாங்கள் எல்லை தாண்டினால் அது யாருக்காவது தாலி ஏறியதற்கோ, யாராவது கண்ணை மூடியதற்கோதான். அதனால் அவன் திரும்பிவந்து காட்டும் படங்களை அக்கா ஆசையோடு பார்ப்பார். கோயிலில் காணும் எல்லாரிடமும் சொல்வார். எங்கடை பெடியனை யூனிவேர்சிற்றி நாடு நாடாக் கூட்டிக்கொண்டு போகுது என்று. நானும் வாயைப் பிளந்து கேட்டேன். என் மகளுக்கும் அந்தப் படிப்பு கிடைக்குமா என்றுகூட விசாரித்தேன்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியாட்கள் வர ஏலாது, பெரியம்மா என்று கஜதீபன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். ஆனால் அக்காவின் வேலையிடத்தில் ஒரு டெனிஷ்காரி, அதெல்லாம் இல்லை, குடும்பமே கொடியும் குடிவகையுமாக வாசலில் நிற்பார்கள், போய் அவனைத் திகைக்கவை என்று சொல்லிவிட்டாள். அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, காரை எடும். பட்டுச்சீலையோடை ரயிலிலை போகேலாது. தட்டும் கிடக்கு."

பாலேந்திரா அண்ணை தூக்கிவந்த தட்டில் றோல்ஸ். அக்காவின் கையில், லாச்சப்பலில் வாங்கிப் பத்திரப்படுத்திய சரிகைக்கரைப் பொன்னாடை. எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் ஆசிரியர்களுக்குப் போர்த்துவோமே, அதே மாதிரி.

பல்கலைக்கழகத்தில் தேர்வு அறையின் வாசலில் அவன் நண்பர்களோடு நாங்களும் போய் நின்றோம். கதவு திறந்து கஜதீபன் வெளியே வந்தான். நல்ல புள்ளி. நண்பர்கள் கைதட்டினார்கள். அவன் சிரித்தபடியே திரும்பி எங்களைக் கண்டான். அந்தச் சிரிப்பு போன வேகத்தை நான் பார்த்தேன். கூச்சம் என்றுதான் நினைத்தேன். அவன் முன்னால் வந்து ஏதோ சொல்வதற்குள் அக்கா அவனைத் தாண்டிப் போய், பின்னால் வந்த பேராசிரியையின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். அந்த அம்மா முகம் சிவந்து, மகிழ்ந்து, சரிகையைத் தடவிப் பார்த்தார்.

அக்கா அழகான டெனிஷில் பேசினார்.

"பெற்ற பிள்ளையைப்போல ஒவ்வொரு சனி ஞாயிறும் இவனை நாடு நாடாகக் கூட்டிப்போனீர்கள். இவன் தாய் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்காக நான் நன்றி சொல்கிறேன்."

"நானா? எங்கே?"

"பேர்லின், பிராக், ரோம்... உங்கள் படிப்புப் பயணங்கள்."

"எங்கள் படிப்பில் அப்படிப் பயணம் எதுவும் இல்லையே" என்றார் பேராசிரியை, கஜதீபனைப் பார்த்து.

கூட நின்ற நண்பர்கள் கையிலிருந்த கோப்பைகளைப் பார்த்தார்கள். கஜதீபன் நிலத்தைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே விளங்கிவிட்டது. பெடியனுக்கு நாலு அறை விடவேண்டும்போல் இருந்தது.

அக்கா சிரித்தார். பிறகு டெனிஷில் சொன்னார். ஆனால் அது அவருடைய டெனிஷ் இல்லை. வந்து ஒரு மாதமானவர்கள் பேசுவதுபோல் சொற்களை முறித்து, முன்னுக்குப் பின்னாக்கி.

"மன்னிக்க. என் டெனிஷ்... நல்லது இல்லை. வேறு சொல்ல வந்தேன். பிழையாய் வந்தது."

தட்டோடு நின்ற பாலேந்திரா அண்ணை வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பேராசிரியையின் முகம் இளகியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் கஜதீபனைப் புகழத் தொடங்கினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "யெஸ், யெஸ், தாங்க்யூ" என்றார். எங்கள் யோகம்மா அக்கா.

காரில் இஷொய்க்குத் திரும்பினோம். பின்சீற்றில் கஜதீபன் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லை, மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "பெரியம்மா" என்று இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினான். கட்டடத்தின் கீழே நான் காரை நிறுத்தியபோதுதான் அக்கா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"பயணத்துக்குக் கட்டித் தந்த றோல்ஸையெண்டாலும் ஆரும் சாப்பிட்டவையோ? இல்லாட்டி அதையும் எறிஞ்சுபோட்டியோ?"

"ஐயோ, சாப்பிட்டவை, பெரியம்மா. எல்லாரும் அடிபட்டுப் பறிச்சுச் சாப்பிட்டவை. சத்தியமா."

அவசரமாகப் போனை எடுத்துப் படங்களைத் தள்ளத் தொடங்கினான். பேர்லின், பிராக், ரோம். நூற்றுக்கணக்கான படங்கள். எல்லாரும் சிரித்தபடி நிற்கிறார்கள். ஒன்றில்கூட அந்த ஐஸ்கிறீம் பெட்டி இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"சரியப்பன், விடு" என்று சொல்லிவிட்டு, சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.